சொந்த ஊரில் இரண்டு நாள் உணவு உலா: தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர் சிறிய ஊர், நமக்குப் பழகிய ஊர். அதனால், கணவனும் மனைவியுமாக ஒரு சனி, ஞாயிறு உள்ளூரிலேயே ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கி, பிடித்ததையெல்லாம் சாப்பிட்டு வருவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். பினாங்குக்கோ மதுரைக்கோ போவதாக இருந்தால் எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கும், எந்தக் கிழமை மூடியிருக்கும், எங்கே தங்கினால் நடந்தே போகலாம் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள், தியோங் பாருவுக்கோ காத்தோங்குக்கோ போகும்போது எதையும் விசாரிப்பதில்லை. ஊர் தெரியும் என்ற அந்த நம்பிக்கைதான் பல வார இறுதிகளைச் சப்பென்று முடித்துவிடுகிறது.

முதலில் கவனிக்க வேண்டியது நேரம். நம் உணவங்காடி நிலையங்கள் எல்லாமே நாள் முழுவதும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. தியோங் பாரு சந்தையின் மாடியில் இருக்கும் கடைகளில் பல காலை நேரத்துக்கானவை. பகல் ஒரு மணிக்கு மேல் நிதானமாகப் போய்ச் சேருகிறவர்களுக்குத் தீர்ந்துபோன பாத்திரங்களும் இறக்கிவிட்ட கதவுகளும்தான் மிஞ்சும். சிராங்கூன் கார்டன்ஸில் உள்ள சோம்ப் சோம்ப் அதற்கு நேர்மாறானது. அது மாலைக்கும் இரவுக்கும் உரிய இடம். நகர மையத்தில் உள்ள லாவ் பா சாட்டின் சாத்தே (குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சி) கடைகள், மாலையில் பூன் டாட் தெருவில் வாகனப் போக்குவரத்தை நிறுத்திய பிறகே மேசை போடும். அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையமோ அலுவலக ஊழியர்களின் மதிய உணவை நம்பி நடப்பது. அங்குள்ள கடைகளில் பல வார இறுதியில் திறப்பதே இல்லை. வேலை நாளில் அங்கே சாப்பிட்டுப் பழகியவர், துணையையும் அழைத்துக்கொண்டு சனிக்கிழமை போனால் வெறும் நாற்காலிகளைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதோடு துப்புரவுப் பணிக்கான மூடலும் உண்டு. உணவங்காடி நிலையங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதற்காகவும், அவ்வப்போது பழுதுபார்ப்பதற்காகவும் மூடப்படுகின்றன. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலையமே 2023ஆம் ஆண்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் மூடியிருந்தது. மூடல் தேதிகளைத் தேசியச் சுற்றுப்புற வாரியம் முன்கூட்டியே வெளியிடுகிறது என்பதால், அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அதைப் பார்த்துவிடுவது நல்லது. திங்கட்கிழமை பொது விடுமுறையாக வரும் நீண்ட வார இறுதியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல கடைக்காரர்கள் ஓய்வெடுக்கும் நாள் திங்கள்தான். சீனப் புத்தாண்டு விடுமுறையில் சீனக் கடைகள் பல நாள் தொடர்ந்து மூடியிருக்கும். அந்த வாரத்தில் இந்திய, மலாய்க் கடைகள் நிறைந்த தேக்காவையும் கம்போங் கிளாமையும் மையமாக வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. நோன்பு மாதத்தில் முஸ்லிம் கடைகள் சில பகலில் மூடியிருக்கும், நோன்பு திறக்கும் வேளையில் திறந்திருக்கும் கடைகளெல்லாம் நிரம்பி வழியும். அந்த நெரிசலில் போய் நிற்காமல், நோன்பு திறப்பவர்களுக்கு இடம் விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போவதே முறை என்பது என் எண்ணம்.

அடுத்த தவறு, அறையை முதலில் பிடித்துவிட்டு உணவைப் பிறகு யோசிப்பது. நீச்சல்குளமும் கடல் தெரியும் ஜன்னலும் பார்த்து செந்தோசாவில் தங்குபவர்கள், ஒவ்வொரு வேளைக்கும் டாக்சியில் தீவை விட்டு வெளியே வர வேண்டியிருக்கும், அல்லது அலுத்துப்போய் ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிடுவார்கள். சாப்பாட்டுக்காகவே தங்குகிறோம் என்றால் எந்த வட்டாரத்தில் சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கே நடந்து போகும் தூரத்தில் அறை பார்க்க வேண்டும். லிட்டில் இந்தியா நிலையத்துக்கு அருகில் தங்கினால், பெருவிரைவு ரயிலில் நியூட்டன் அடுத்த நிலையம், பூகிஸ் எதிர்த்திசையில் இரண்டாவது நிலையம், வடகிழக்குப் பாதையில் சைனாடவுன் மூன்றாவது நிலையம். காத்தோங், ஜூ சியாட் பக்கம் முன்பு ரயில் வசதி இல்லாமல் இருந்தது. 2024 ஜூனில் மரின் பரேட் நிலையம் திறந்த பிறகு அந்த வட்டாரமும் எளிதாகிவிட்டது. இரண்டு நாளில் தீவு முழுவதையும் சுற்றிவிட ஆசைப்படாமல், ஒரு வட்டாரத்தையும் அதையொட்டிய இன்னொன்றையும் எடுத்துக்கொண்டால் போதும்.

காலை உணவு சேர்ந்த அறைக் கட்டணத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது, என்னைப் பொறுத்தவரை, எல்லாவற்றிலும் பெரிய தவறு. பணம் கட்டிவிட்டோமே என்பதற்காகவே இருவரும் ஒன்பது மணிக்கு ஹோட்டல் பஃபேயில் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள். நம் ஊரில் மிக நன்றாகச் சாப்பிடக் கிடைக்கும் வேளை அதோடு போய்விடும். அதே நேரத்தில் தேக்காவில் பிராட்டாக் கடைமுன் நின்று பாருங்கள். மாவு உருண்டையை எண்ணெய் தடவிய மேடைமேல் தட்டி, அடியில் இருப்பது தெரியுமளவு மெலிதாக வீசி, மடித்துக் கல்லில் போட்டு, இரண்டு பக்கமும் சிவந்ததும் எடுத்து, இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் தட்டி அடுக்குகளைப் பிரித்துத் தட்டில் போடுகிறார்கள். அந்த மொறுமொறுப்பு சில நிமிடங்களுக்குத்தான் நிற்கும். அதைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி அறைக்கு எடுத்துப் போனால், உள்ளே அடைபட்ட ஆவியே அதைத் தொய்ந்த ரொட்டியாக்கிவிடும். கடையிலேயே உட்கார்ந்து, பருப்புக் கறியோ மீன் கறியோ ஊற்றி, ஆற்றிய பால் தேநீரான தே தாரிக் ஒன்றோடு சாப்பிட்டால்தான் அது பிராட்டா. காலை உணவு இல்லாத அறை பெரும்பாலும் விலையும் குறைவு. மீதப் பணத்தில் இருவரும் இரண்டு நாளும் காலை வேளையில் திருப்தியாகச் சாப்பிடலாம்.

வயிற்றின் அளவை மறந்துவிடுவது இன்னொன்று. சனிக்கிழமை மதியம் ஆளுக்கொரு முழுப் பிரியாணி சாப்பிட்டவர்களுக்கு மாலைப் பொழுது அத்தோடு முடிந்தது. இருவராகப் போவதில் இருக்கும் வசதியே பங்கிட்டுக்கொள்வதுதான்: ஒரு தட்டு வாங்கி இருவரும் சாப்பிட்டு, பிடித்திருந்தால் இன்னொன்று வாங்கலாம், இல்லையென்றால் அடுத்த கடைக்கு நகரலாம். 1908இல் தொடங்கிய ஸாம் ஸாம் உணவகத்தின் முர்தபாக் (இறைச்சி வைத்து மடித்த ரொட்டி) ஒன்றே பெரும்பாலும் இருவருக்குத் தாராளம். மீன் தலைக் கறி, கேரளத்திலிருந்து வந்த கோமஸ் என்பவர் 1949வாக்கில் இங்கே தம் உணவகத்தில் விற்கத் தொடங்கியதாகச் சொல்லப்படும் உணவு; சீன வாடிக்கையாளர்களின் விருப்பத்தை அறிந்து தென்னிந்தியக் குழம்பில் மீன் தலையைச் சேர்த்தது அவருடைய யோசனை. குடும்பமாகச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சட்டி அது. இருவர் மட்டும் போனால் சிறிய அளவு கேட்டு வாங்கி, சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்; கூடவே கோழியும் இறாலும் சொன்னால் மேசையில் மீதம்தான் கிடக்கும். பகல் ஒன்று முதல் நான்கு வரை வெயிலில் அலையாமல் அறையில் படுத்துவிட்டு, மாலையில் பசியோடு கிளம்புவது நல்லது. அறை பிற்பகல் மூன்று மணியளவில்தான் கிடைக்கும் என்றால், காலையிலேயே பெட்டியை ஹோட்டலில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம்.

இருவரில் ஒருவர் சைவம் என்றால், அதைப் பற்றிக் கடைமுன் நின்று பேசக் கூடாது, வீட்டிலேயே பேசிவிட வேண்டும். புரட்டாசி மாதத்தில், அதிலும் சனிக்கிழமைகளில், அசைவம் தொடாத குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அந்த மாதத்தில் கடல் உணவுக்கென்று வார இறுதி வைத்துக்கொண்டு பிறகு ஒருவர் வெறும் சோறு சாப்பிடும்படி செய்வது வருத்தத்துக்குரியது. பார்வைக்குச் சைவமாகத் தெரிவதிலும் கவனம் வேண்டும். லக்சாவின் குழம்பில் காய்ந்த இறால் இருக்கும், சம்பலில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும், முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்துப் பொரிக்கும் ‘கேரட் கேக்’கில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு. சிராங்கூன் சாலைப் பக்கம் இந்தத் தொல்லை குறைவு. 1924இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947இல் தொடங்கிய கோமள விலாஸும் சைவம் மட்டுமே பரிமாறுகின்றன. ஒரு வேளை இருவரும் சேர்ந்தே சைவம், மறுவேளை அவரவர் விருப்பம் என்று வைத்துக்கொண்டால் யாருக்கும் மனக்குறை இராது.

பணத்தில் ஏமாறுவது பெரும்பாலும் உணவகப் பட்டியலில் விலைக்குப் பின்னால் வரும் இரண்டு கூட்டல் குறிகளால். முதலாவது 10 விழுக்காடு சேவைக் கட்டணம். இரண்டாவது, 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடாக இருக்கும் பொருள், சேவை வரி. சேவைக் கட்டணத்தைச் சேர்த்த தொகைக்குத்தான் வரி கணக்கிடப்படுகிறது என்பதால், பட்டியலில் 100 வெள்ளி என்று இருப்பது கையை விட்டுப் போகும்போது 119 வெள்ளி 90 காசு. உணவங்காடியில் இந்தச் சேவைக் கட்டணம் இல்லை, திட்டத்தில் சேர்ந்துள்ள கடைகளில் சமூக மேம்பாட்டு மன்றங்களின் சிடிசி பற்றுச்சீட்டையும் பயன்படுத்தலாம். ஒரு வேளை நல்ல உணவகம், மற்ற வேளைகள் உணவங்காடி என்று பிரித்துக்கொள்வதே நியாயமான செலவாக எனக்குப் படுகிறது. கொஞ்சம் ரொக்கமும் கையில் இருக்கட்டும்.

நீண்ட வரிசையைப் பார்த்ததும் அதில் போய் நின்றுவிடும் பழக்கம் நமக்கு உண்டு. இருவரும் ஒரே வரிசையில் முக்கால் மணி நேரம் நின்று கால் கடுத்துப்போவதைவிட, ஒருவர் மேசையைப் பிடித்துக்கொள்ள மற்றவர் அடுத்தடுத்த கடைகளில் வாங்கி வரலாம். அடுத்த வேளைக்கு வேலையை மாற்றிக்கொள்ளலாம். மேசை எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும், ஏனென்றால் கொண்டுவந்து தரும் கடைக்காரர் கேட்பது அதைத்தான். சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் திருப்பி வைக்க மறந்துவிடாதீர்கள். உணவங்காடி நிலையங்களில் 2021 செப்டம்பர் 1 முதல் அது கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி இடம் இருக்கும் நிலையங்களில் மாற்றி வைத்துவிடுவது, பக்கத்தில் சாப்பிடுபவருக்குச் செய்யும் அவமரியாதை. டுரியான் பருவமாக இருந்தால் கடையிலேயே தின்றுவிட்டு வாருங்கள். ரயிலிலும் பெரும்பாலான ஹோட்டல்களிலும் அதற்கு அனுமதி கிடையாது.

லிட்டில் இந்தியாவில் தங்குகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக யோசிக்க வேண்டும். வெளிநாட்டு ஊழியர்கள் பலருக்கு வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு நாள் அது. பிற்பகலிலிருந்து இரவு வரை சிராங்கூன் சாலையும் குறுக்குத் தெருக்களும் அவர்கள் நண்பர்களைச் சந்திக்கும் இடமாக இருக்கும், உணவகங்களில் இடம் கிடைப்பது கடினம். நமக்கு மற்ற ஆறு நாளும் திறந்திருக்கும் தெரு அது. கூட்டத்தைக் குறை சொல்லிக்கொண்டு அதற்குள் நெருக்கியடிப்பதைவிட, காலையில் தேக்கா ஈரச்சந்தையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அறையைக் காலி செய்து, பன்னிரண்டு மணிக்கு முன்பே ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டால், ஒரு மணிக்கெல்லாம் எழுந்து வீட்டுக்குக் கிளம்பிவிடலாம்.