தொழுநோய்க் கணக்கில் எங்கே வழுக்குகிறோம்?

முதல் வழுக்கல் ‘ஒழிப்பு’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. பெரியம்மை ஒழிந்தது என்றால் உலகத்தில் ஒருவருக்கும் அது இல்லை. தொழுநோய்க்கும் அதே சொல்லைத்தான் எழுதுகிறோம், ஆனால் அளவுகோல் வேறு. 10,000 பேருக்குச் சிகிச்சையில் இருப்பவர் ஒருவருக்கும் குறைவு என்றாலே ‘ஒழிப்பு நிலை’ வந்துவிடும். இந்தியா 2005 டிசம்பரில் அந்த நிலையை எட்டியது. இன்றும் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான்.

10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அந்த எண்கூட நாடு முழுவதற்குமான சராசரி. சத்தீஸ்கர், ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், மகாராஷ்டிரத்தின் சந்திரபூர், கட்சிரோலி பக்கமெல்லாம் நோய் அடர்ந்து கிடக்கிறது. சராசரியில் அது கரைந்துபோகிறது. இலங்கை 1995-லேயே ஒழிப்பு நிலையை எட்டிய நாடு. அங்கும் மேல் மாகாணத்திலும் கிழக்கிலும் புதிய நோயாளிகள் வந்துகொண்டேதான் இருந்தார்கள்.

சரி, இன்னொரு சூட்சுமம். ‘சிகிச்சையில் இருப்பவர்’ என்பது பதிவேட்டில் பெயர் உள்ளவர். கிருமி அதிகமுள்ள வகைக்கு 24 மாதம் கொடுத்துவந்த கூட்டு மருந்துச் சிகிச்சை, 1990களின் இறுதியில் 12 மாதமாகக் குறைக்கப்பட்டது. மருத்துவத்தில் அது நல்ல மாற்றம்தான். ஆனால் கணக்கில் என்ன ஆகும்? பரவல் துளியும் குறையாமலே அந்த வகையில் பதிவேட்டுப் பெயர்கள் ஏறத்தாழ பாதியாகிவிடும். அதைப் பார்த்து நோய் பாதியாகிவிட்டது என்று மகிழ்வது தவறு.

அப்படியானால் புதிய நோயாளிகளின் எண்ணிக்கையை நம்பலாமா? அதிலும் நிதானம் வேண்டும். 2019-ல் உலக அளவில் 2 லட்சத்தைத் தாண்டிய அந்த எண், 2020-ல் சுமார் 1.28 லட்சமாகச் சரிந்தது. கிருமி ஊரடங்குக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. தேடிப் போக ஆள் இல்லை, அவ்வளவுதான். தொற்றிய பிறகு நோய் வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும். ஓராண்டில் அது இப்படிச் சரியாது.

என்னைக் கேட்டால், ஒரு மாவட்டத்தின் உண்மை நிலை தெரிய இரண்டு விகிதங்களை முதலில் பார்க்க வேண்டும். புதிய நோயாளிகளில் குழந்தைகள் எத்தனை பேர்? அதிகம் என்றால் அண்மைக்காலம்வரை பரவியிருக்கிறது. கண்டறியும்போதே விரல் மடங்கியோ பாதத்தில் புண்ணோடோ வந்தவர்கள் எத்தனை பேர்? அதிகம் என்றால், உணர்ச்சியற்ற தேமலாக இருந்த கட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. மொத்த எண் குறைந்து இவை கூடினால், அந்த மாவட்டத்தில் தேடல்தான் படுத்துவிட்டது.

இன்னொரு தவறு, நோயாளிக்கு மாத்திரை கொடுத்ததோடு நிறுத்திக்கொள்வது. வீட்டில் கூட இருப்பவர்களையும் சோதிக்க வேண்டும். நோய் இல்லாத, தகுதியுள்ளவர்களுக்கு, நோய் வராமல் தடுக்க, ரிஃபாம்பிசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஒரே ஒரு வேளை கொடுக்கும் முறையும் உண்டு.

அப்புறம், மாத்திரை முடிந்ததும் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகும் தேமல் சிவந்து வீங்கலாம், நரம்பு வலிக்கலாம், கை வலுவிழக்கலாம். இவை கிருமிக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினைகள். உடனே பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கினால் பெரும்பாலும் நரம்பைக் காப்பாற்றலாம். ‘குணமாகிவிட்டது’ என்று அனுப்பும்போதே, இப்படி ஏதாவது வந்தால் அன்றைக்கே வாருங்கள் என்றும் சொல்லி அனுப்ப வேண்டும்.