எந்த வருஷத்து டைசன்? டீக்கடையில் குத்துச்சண்டை வாதம் செய்யப் பழகுவது எப்படி

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் டீ குடிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அறுபது, எழுபதுகளின் ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் முகமது அலியும் எண்பதுகளின் சாம்பியன் மைக் டைசனும் அவரவர் உச்சத்தில் மோதினால் யார் ஜெயிப்பார் என்கிற வாதத்தைக் கேட்டை ஒட்டிய கடை பெஞ்சில்தான் நான் கற்றுக்கொண்டேன். முதல் நாளே மண்ணைக் கவ்வித்தான் கற்றுக்கொண்டேன். "உச்சத்துல இருந்த டைசன் முன்னாடி முகமது அலி நாலு ரவுண்டு நிக்க மாட்டார்" என்று சவுண்டு விட்டேன். பக்கத்தில் இருந்த தவில்கார மாமா டீயை ஆற்றிக்கொண்டே, "எந்த வருஷத்து டைசன், தம்பி?" என்றார்.

"எப்பவுமே டைசன்தான் மாமா."

"1990-ல டோக்கியோவுல பஸ்டர் டக்ளஸ்கிட்ட விழுந்து பல்லுக்கவசத்தைத் தேடினாரே, அந்த டைசனுமா?"

ரயில் வருவதற்குள் என் கதை முடிந்தது. நீங்கள் அப்படி மாட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: ஆளை விடுங்கள், ஒரு ராத்திரியைப் பிடியுங்கள்

'உச்சக்காலம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அவரவர் வசதிக்கு இழுத்துக்கொள்வார்கள். 1966-ல் அலிக்கு இருந்த கால் வேகத்தையும் 1974-ல் இருந்த தாங்குசக்தியையும் ஒட்டவைத்து ஒரு அலியைச் செய்வார்கள். அப்படியொரு மனிதர் எந்த நாளும் ரிங்கில் ஏறியதில்லை. குறுவையின் நாள் கணக்கையும் சம்பாவின் கண்டுமுதலையும் சேர்த்துச் சொல்லி விதைநெல் விற்கிற மாதிரிதான் இது.

அதனால் தேதி குறியுங்கள். நான் அலிக்கு எடுத்துக்கொள்வது 1966 நவம்பர் 14, ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த இரவு. அப்போது அவருக்கு 24 வயது. அடுத்த ஆண்டே ராணுவத்தில் சேர மறுத்ததற்காக அவருடைய சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள். 1970 அக்டோபர் வரை அவர் ரிங்கில் ஏற முடியவில்லை. திரும்பி வந்தவரும் பெரிய வீரர்தான், ஆனால் அந்தக் கால்கள் திரும்பவில்லை.

டைசனுக்கு 1988 ஜூன் 27. மைக்கேல் ஸ்பிங்க்ஸ் 91 விநாடியில் விழுந்த இரவு. டைசனுக்கு 22 வயது நிறைய இன்னும் மூன்று நாள் இருந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. 1980-ல் அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சி ஆட்டம் ஆடினார். அதைப் பார்த்த பெரியவர் யாராவது பெஞ்சில் இருந்தால், "நான் நேர்லயே பார்த்தவன்" என்று ஆரம்பிப்பார். மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பார்த்தது 38 வயது அலியை. சாட்சிக்கு அது செல்லாது.

இரண்டாவது படி: சாண் போட்டுப் பாருங்கள்

உயரம், எடை, கை நீளம் மூன்றையும் எடுத்து வையுங்கள். அலி 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. எடையில் பெரிய வித்தியாசமில்லை. அந்த இரண்டு இரவுகளிலும் அலி சுமார் 96.5 கிலோ, டைசன் 99. இரண்டு கையையும் விரித்து அளக்கும் 'ரீச்'சில்தான் விஷயமே இருக்கிறது: அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71.

ஏழு அங்குலம் என்றால் வாயில் சொல்லும்போது ஒன்றும் தெரியாது. மாமா ஒருநாள் பெஞ்சில் டீ கிளாஸை வைத்து, அதிலிருந்து கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துச் சாண் போட்டார். அப்புறம் சுண்டுவிரலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டார். "இதான் தம்பி ஏழு அங்குலம். ரெண்டு கைக்கும் சேர்த்து எடுத்த கணக்கு, அதனால ஒரு கைக்கு இதுல பாதின்னு வச்சுக்க. அந்தப் பாதிக்குள்ள நுழையறதுக்குள்ள டைசன் எத்தனை ஜாப் வாங்கணும்னு எண்ணிப்பாரு." ஜாப் என்பது முன்னால் நீட்டிய கையால் நேராகச் சட்டென்று விடும் குத்து. எனக்கு அன்றைக்குத்தான் ரீச் புரிந்தது.

மூன்றாவது படி: எதிரே நின்றது யார்?

இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். என் கணக்கில் இதுதான் முக்கியம். வில்லியம்ஸை அலி பந்தாடினார் என்கிறோம். ஆனால் வில்லியம்ஸ் 1964-ல் போலீஸ்காரர் ஒருவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு ஒரு சிறுநீரகத்தை இழந்தவர். ஸ்பிங்க்ஸ் கீழ் எடைப் பிரிவிலிருந்து ஏறி வந்தவர். ஆக, இரண்டு பேருடைய உச்ச இரவிலும் எதிராளி முழு ஆள் இல்லை என்று ஒத்துக்கொண்டு பேசினால் எதிர்த் தரப்பு உங்களை நம்பும்.

அப்புறம் பலவீனத்தைத் தேடுங்கள். அலி இடது ஹூக்குக்கு, அதாவது முழங்கையை மடித்துப் பக்கவாட்டில் வீசும் குத்துக்கு, விழுகிறவர். 1963-ல் ஹென்றி கூப்பர் வீழ்த்தியது, 1971-ல் பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃபிரேசியர் சாய்த்தது, இரண்டுமே இடது ஹூக். டைசனிடம் அது வஞ்சனையில்லாமல் இருந்தது. டைசனை முடக்கியவர்களோ உயரமானவர்கள், கட்டிப்பிடிக்கத் தெரிந்தவர்கள். 1987-ல் 'போன்கிரஷர்' ஸ்மித் அவரைப் பிடித்துப் பிடித்தே 12 ரவுண்டை ஓட்டினார். அதே ஆண்டு டோனி டக்கரும் 12 ரவுண்டு நின்றார். அலிக்கும் பிடிக்கத் தெரியும். 1974 ஜனவரியில் ஃபிரேசியரின் பிடரியைப் பிடித்துப் பிடித்தே ஆட்டத்தைக் கெடுத்தார். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஜெயித்தார்.

நான்காவது படி: எத்தனை ரவுண்டு?

பேசுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அலி காலத்தில் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-ல் தென்கொரிய வீரர் கிம் டுக் கூ ரிங்கில் அடிபட்டு இறந்த பிறகு அது படிப்படியாக 12 ஆனது. மூன்று ரவுண்டுதானே என்று நினைக்காதீர்கள். 1981 செப்டம்பரில் சுகர் ரே லியோனார்ட் தாமஸ் ஹெர்ன்ஸைப் பதினான்காவது ரவுண்டில் நிறுத்தினார். அந்த நேரம் மூன்று நடுவர்களின் மதிப்பெண் தாளிலும் ஹெர்ன்ஸ்தான் முன்னால் இருந்தார். 12 ரவுண்டு என்றால் வரலாறே மாறியிருக்கும்.

இவர் அவரை அடித்தார், அவர் இவரை அடித்தார் என்று சங்கிலி போடுவதையும் நிறுத்துங்கள். 1971-ல் ஃபிரேசியர் அலியை ஜெயித்தார். 1973-ல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை தரையில் போட்டார். 1974-ல் கின்ஷாசாவில் எட்டாவது ரவுண்டில் ஃபோர்மனை அலி வீழ்த்தினார். எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். கம்ப்யூட்டரைக் கேட்கலாமே என்பவர்களுக்கு: 1969-லேயே கேட்டாயிற்று. கம்ப்யூட்டர் கணக்கை வைத்து, அலியையும் ஐம்பதுகளின் சாம்பியன் ராக்கி மார்சியானோவையும் நடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அமெரிக்காவில் காட்டிய முடிவில் மார்சியானோ ஜெயித்தார், ஐரோப்பாவில் காட்டியதில் அலி.

ஐந்தாவது படி: சண்டையைச் சொல்லிக் காட்டுங்கள்

"அலிதான் ஜெயிப்பார்" என்பது வாதமே இல்லை. ரவுண்டு ரவுண்டாகச் சொல்லுங்கள். என்னுடையது இது, ஆமாம், நான் கட்சி மாறிவிட்டேன்: 12 ரவுண்டு. முதல் மூன்று டைசனுக்கு. இரண்டாவதில் ஒரு இடது ஹூக் பட்டு அலி கயிற்றில் சாய்கிறார். நான்காவதிலிருந்து ஜாப், பிடி, ஜாப், பிடி. ஆறாவதில் டைசன் தலை அசைவது குறைகிறது, ஒவ்வொரு குத்தாகப் போட ஆரம்பிக்கிறார். பத்தாவதில் ரெஃப்ரி நிறுத்துகிறார்.

சொல்லும்போதே எந்த இடத்தில் உங்கள் கணக்கு உடையும் என்பதையும் சொல்லிவிடுங்கள். என் கணக்கு உடையக்கூடிய இடம் அந்த இரண்டாவது ரவுண்டுதான். மாமா அங்கேதான் பிடித்தார். "கூப்பர் அடிச்சது நாலாவது ரவுண்டு கடைசியில. மணி அடிச்சுது, பொழைச்சாரு. நீ சொல்ற ஹூக் ரவுண்டு ஆரம்பத்துலயே விழுந்தா? இன்னும் ரெண்டரை நிமிஷம் பாக்கியிருக்கே, எங்க போவாரு உங்க ஆளு?"

"கட்டிப்பிடிப்பார் மாமா."

"யாரை? எதிர்ல நிக்கிறது ரெண்டு டைசனாத் தெரியுமே அப்ப!"

கடையே சிரித்தது. பதில் யோசித்துக்கொண்டிருந்தபோது கேட்டைத் தூக்கிவிட்டார்கள், அத்தனை வண்டியும் ஒன்றாக ஹாரன் அடிக்க, மாமா மன்னார்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார். அந்த இரண்டரை நிமிஷத்துக்கு இன்னும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை அவர் திரும்பி வருவார்.