பக்கத்து வீட்டுக்காரருக்குப் பேரிடர்ப் பயிற்சி: நாம் செய்யும் தவறுகள்

எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நான் நடத்திய முதல் பயிற்சிக்கு 40 பேர் வந்திருந்தார்கள். மூடி போட்ட 5 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி, வெள்ளத்தில் தத்தளிப்பவரை நோக்கி எப்படி எறிவது என்று செய்து காட்டினேன். கேன் அழகாகப் போய் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். முடிகிற நேரத்தில், மாடிப்படி கழுவ வரும் அக்கா ஒருவர், "நான் ஒருவாட்டி எறிஞ்சு பாக்கட்டா தம்பி?" என்று கேட்டார். எறிந்தார். கேன் இரண்டடி தள்ளி விழுந்தது, கயிறு அவர் காலையே சுற்றிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு எறிந்து பழகியது நான் மட்டும்தான். எனக்கோ அது ஏற்கெனவே தெரியும்.

தன்னார்வலர் இன்னொரு தன்னார்வலருக்குச் சொல்லிக்கொடுக்கும்போது நடக்கிற தவறுகளில் பெரியது இதுதான்: செய்து காட்டிவிட்டால் கற்றுக்கொடுத்தாகிவிட்டது என்று நினைப்பது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட பயிற்சிகளில் கேட்பவனாகவும் நடத்துபவனாகவும் உட்கார்ந்திருக்கிறேன். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை நானே செய்தவை.

அந்தக் கேனையே எடுத்துக்கொள்ளுங்கள். காலிக் கேனை எறிந்தால் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். உள்ளே இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டு மூடினால் கைக்குக் கனம் கிடைக்கும், கேன் மிதக்கவும் செய்யும். கயிற்றை இடது உள்ளங்கையில் வளையம் வளையமாகத் தளர்த்தி வைத்து, விரல்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மூடினால் கயிறு ஓடாது. கயிற்றின் கடைசி நுனியைக் காலால் மிதித்துக்கொள்ள வேண்டும். மணிக்கட்டில் சுற்றிக்கொண்டால், அந்தப் பக்கம் இழுக்கும்போது நீங்களும் தண்ணீருக்குள் போவீர்கள். ஆள் மேல் குறிவைக்காமல் அவரைத் தாண்டி எறிந்தால்தான் கயிறு அவர் கைக்கு எட்டும். அவர் பிடித்ததும் நின்றபடி இழுக்காமல் தரையோடு உட்கார்ந்துகொள்ள வேண்டும்.

இத்தனையும் அன்றைக்கு வாயால் சொன்னேன். யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. இப்போதெல்லாம் ஒரே ஒரு தடவை செய்து காட்டிவிட்டு என் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். நிஜமாகவே கட்டிக்கொள்கிறேன். சும்மா தொங்கவிட்டால், "இப்படி இல்லம்மா, இங்க குடுங்க" என்று பிடுங்கிச் செய்யத் தோன்றும். ஒரு கயிற்றுக்கு 6 பேர், ஒருவருக்கு 5 எறி. 40 பேருக்கு ஒரே கயிறு என்றால் அதற்குப் பெயர் பயிற்சி இல்லை, வித்தை.

இதயம் நின்றுபோனவரின் மார்பை அமுக்கும் முதலுதவியான சி.பி.ஆர். விஷயத்திலும் இதே கதைதான். தலையணையை அமுக்கிப் பழகியவருக்கு மனித மார்பு எவ்வளவு விறைப்பு என்பது தெரியாது. பெரியவர்களுக்கு 5 செ.மீ.க்குக் குறையாமல், 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் ஆள் களைத்துவிடுவார் என்பதால் அடுத்தவர் மாறிக்கொள்ள வேண்டும். இந்த மாறுகிற இடத்தில்தான் குழப்பம் வரும், ஆனால் அதைப் பழக்குகிறவர்கள் குறைவு. பயிற்சிப் பொம்மை இரவல் கிடைக்குமா என்று பக்கத்தில் முதலுதவி வகுப்பு நடத்துகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பொம்மை கிடைக்காமல் சி.பி.ஆர். வகுப்பை நான் வைப்பதில்லை.

அடுத்த தவறு கொஞ்சம் ஆபத்தானது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்கு 12 நாள் பயிற்சி. அங்கே கற்றவர் நமக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பாதி நாள் சொல்லித் தருகிறார். நாம் அதை நம் தெருவில் அரை மணி நேரத்தில் சொல்லி முடிக்கிறோம். மோர் நீர்மோராகி, கடைசியில் வெறும் தண்ணீராகிற கதை. தண்ணீரானால்கூடப் பரவாயில்லை. விட்டுப்போன இடத்தை, நாம் சின்ன வயதில் கேட்டதெல்லாம் வந்து நிரப்பிவிடுகிறது.

என் வகுப்பில் இருந்த ஒருவர் அடுத்த தெருவில் நடத்திய வகுப்புக்குப் போயிருந்தேன். வெள்ளத்தோடு பாம்பு வீட்டுக்குள் வரும் என்ற இடத்துக்கு வந்தார். "கடிச்ச இடத்துக்கு மேல கயித்தால நல்லா இறுக்கிக் கட்டணும்" என்றவர், என்னைக் கைகாட்டி, "சார்தான் சொல்லிக்குடுத்தாரு" என்றார். நான் சொன்னது நேர்மாறு. இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாய் வைத்து உறிஞ்சக் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும். தீக்காயத்துக்குப் பற்பசை, இங்க், காபித்தூள் என்று வருவதும் இந்த வகைதான். 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும் என்று சொன்னால், "அவ்வளவுதானா?" என்று ஏமாற்றத்தோடு பார்ப்பார்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, குறைவாகச் சொல்லிக்கொடுப்பது. ஒரு வகுப்புக்கு மூன்று விஷயம், அதற்குமேல் கிடையாது. 'கூடாது' பட்டியல் மட்டும் ஒரு பக்கத் தாளில் இருக்கும், அதை மாற்றாமல் அப்படியே வாசிக்க வேண்டும். புதிதாக நடத்துபவரின் முதல் வகுப்பில் பழையவர் ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். தாளில் இல்லாத கேள்வி வந்தால் "தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லலாம். இதைச் சொல்லக் கூசுகிறவர்கள்தான் பெரும்பாலும் கயிற்றைக் கட்டச் சொல்கிறார்கள்.

கூச்சம் என்றதும் இன்னொன்று. வெளியிலிருந்து வரும் தீயணைப்பு வீரர் யாரையும் "தப்பு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நாம் நாளைக்கும் அதே லிஃப்டில் அவரோடு போக வேண்டும். கேஸ் கசிவு ஒத்திகையில் எங்கள் மாடிப் பெரியவர், ஓய்வுபெற்ற அதிகாரி, முதல் வேலையாக எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்விட்சைப் போட்டார். கசிவு இருக்கும்போது ஸ்விட்சைத் தொடவே கூடாது. போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, வெளியே வந்த பிறகுதான் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-ஐ அழைக்க வேண்டும். அன்றைக்கு நான் என்ன செய்தேன்? "கிட்டத்தட்ட சரி சார்" என்று சிரித்து மழுப்பினேன். சுற்றி நின்ற 20 பேரும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடுவது கிட்டத்தட்ட சரி என்று கற்றுக்கொண்டு போனார்கள்.

இப்போது இரண்டிரண்டு பேராகப் பிரித்து விடுகிறோம். ஒருவர் செய்ய, மற்றவர் தாளைப் பார்த்து டிக் போடுவார். "மாமா, மூணாவதை விட்டுட்டீங்க" என்று பள்ளிக்கூடப் பெண் சொன்னால் அவருக்கும் கோபம் வருவதில்லை. திருத்துவது தாள்தானே.

துணிச்சலை மட்டும் ஊட்டிவிடுவது அடுத்த தவறு. 1985-இல் மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் இடிபாடுகளில் சிக்கிய நூற்றுக்கணக்கானவர்களைச் சாதாரண மக்களே வெளியே எடுத்தார்கள். அந்த முயற்சியில் பயிற்சியில்லாத தன்னார்வலர்கள் பலரும் இறந்துபோனார்கள். லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறை அக்கம்பக்கத்தாருக்கென்றே பயிற்சி தொடங்க அந்த அனுபவமும் ஒரு காரணம். நம் தெருவில் இடிபாடு இருக்காது. முழங்கால் அளவு ஓடும் தண்ணீர், மூடி திறந்த பாதாளச் சாக்கடை, அறுந்து கிடக்கும் மின்கம்பி இவைதான் இருக்கும். முழங்கால் அளவுதானே என்று இறங்குபவரைத் தள்ளிவிட ஓடும் தண்ணீருக்கு அது போதும். அதனால் எங்கள் ஒத்திகையில் ஒரு காட்சியிலாவது 'போகக் கூடாது' என்பதே சரியான விடையாக இருக்கும். தண்ணீருக்குள் கம்பி கிடக்கிறது, அந்தப் பக்கம் ஒருவர் கூப்பிடுகிறார். யாரும் கிட்டே போகாமல் தடுத்துவிட்டு, மின்வாரியத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்தியதை உறுதி செய்யும்வரை நிற்க வேண்டும். அந்த நிற்கிற இரண்டு நிமிடத்தை இளவட்டங்களால் தாங்கவே முடியாது. ஒத்திகையிலேயே நெளிவார்கள்.

போன் இல்லாத ஒத்திகை ஒன்றாவது வையுங்கள். 2015 டிசம்பரில் மின்சாரம் போய், சென்னையின் பல பகுதிகளில் செல்போனும் செத்துவிட்டது. அந்த நேரத்தில் வாட்ஸாப் குழுவால் என்ன பயன்? எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார், யாருக்கு டயாலிசிஸ், யார் நிறைமாதம் என்ற பட்டியல் காகிதத்தில் இரண்டு பேரிடம் மட்டும் இருக்கட்டும். அதைக் குழுவில் படம் எடுத்துப் போடாதீர்கள், அது அவர்கள் சொந்த விஷயம். அவசர உதவிக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 108, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டத்துக்கு 1077, சென்னை மாநகராட்சிக்கு 1913. இவற்றை மீட்டர் பெட்டிக்கு மேலே பெயின்டில் எழுதிவிடுங்கள்.

டி-ஷர்ட், சான்றிதழ், குழுப் படம் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. படம் எடுக்க ஆன நேரத்தில் ஆளுக்கு இரண்டு தடவை கயிறு எறிந்திருக்கலாம்.

காலமும் முக்கியம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு ஓடி ஓடி வகுப்பு வைப்பது வழக்கமாகிவிட்டது. ஆகஸ்டில் ஒன்று வைத்து, செப்டம்பர் கடைசியில் அதையே மறுபடி செய்யவைத்துப் பாருங்கள். எவ்வளவு மறந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் உங்களுக்கே வியர்க்கும். சி.பி.ஆர். சில மாதத்திலேயே கை மறந்துவிடும்.

ஆள் தேர்விலும் சறுக்குகிறோம். ஞாயிறு காலை வரக்கூடிய ஐ.டி. பையன்களாகப் பார்த்துச் சேர்க்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் தெருவில் இருப்பது யார்? வாட்ச்மேன், இஸ்திரி வண்டிக்காரர், வீட்டு வேலைக்கு வரும் பெண்கள், வயதானவர்கள். அவர்களுக்குத் தோதான நேரம் மதியம் மூன்று மணி. அந்த நேரத்துக்கு மாற்றியதும் முதல் ஆளாக வந்தது படிக்கட்டு அக்காதான். இப்போது கயிறு எறிவதை அவர்தான் சொல்லிக்கொடுக்கிறார். போன வருடம் அவர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கேனைத் தொடுவதற்கு முன்னால், "மொதல்ல பொடவையத் தூக்கி இடுப்புல சொருகுங்க. கால அகட்டி நிக்க முடியலன்னா கேன் ரெண்டடிதான் போவும்" என்றார். என் தாளில் அந்த வரி இல்லை.