பிளாங்க்டன் ஆய்வகம் அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடல் பிளாங்க்டன் (நீரோட்டத்தில் மிதந்து செல்லும் சிற்றுயிரிகள்) ஆய்வகம் அமைக்க நிதி கிடைத்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது விலை உயர்ந்த நுண்ணோக்கியைத்தான். ஆனால் வலையிலேயே நழுவிவிட்ட, அல்லது புட்டியிலேயே கரைந்துவிட்ட உயிரியை எந்த லென்ஸாலும் காட்ட முடியாது. அது இருந்ததற்கான தடயமே மிஞ்சாததால், அட்டவணையில் நிம்மதியாகச் சுழியம் போட்டுவிடுவோம்.

வலையில் நேரும் தவறு எளிது. விலங்குப் பிளாங்க்டனுக்கான 200 மைக்ரான் கண்ணளவுள்ள வலையில் தாவரப் பிளாங்க்டனில் பெரும்பகுதி நிற்காது. 20 மைக்ரான் வலையும் மிக நுண்ணியவற்றைத் தவறவிடும் என்பதால் அவற்றுக்கு நீர்மாதிரிக் குடுவையே வேண்டும். வலை வாயில் ஃப்ளோமீட்டர் (உள்ளே புகும் நீரை அளக்கும் கருவி) பொருத்தாமல், வாயின் பரப்பையும் இழுத்த தூரத்தையும் பெருக்கி நீரின் அளவைக் கணக்கிடுவது இன்னொரு பிழை. கண்கள் அடைபட்ட வலைக்குள் அவ்வளவு நீர் புகுந்திருக்காது. விளைவாக உயிரிகளின் அடர்த்தி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

எனக்கு அதிகக் கவலை தருவது பதப்படுத்தும் மருந்துகள்தான். எல்லா மாதிரிக்கும் ஒரே மருந்தை ஊற்றும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அமிலம் சேர்ந்த லூகால் கரைசல் (அயோடின் கலந்த பதப்படுத்தும் மருந்து), காக்கோலித்தோஃபோர்கள் என்னும் நுண்பாசிகளின் சுண்ணாம்புத் தட்டுகளைக் கரைத்துவிடும். பார்மலினும் நாளடைவில் அமிலத்தன்மை பெற்று டெரோபாடுகள் என்னும் நீந்தும் சிறு கடல் நத்தைகளின் மெல்லிய ஓட்டை அரிக்கும் என்பதால், அதில் போராக்ஸ் போன்ற ஒன்றைச் சேர்த்து அமிலத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். டி.என்.ஏ. ஆய்வுக்கான மாதிரியைப் பார்மலினில் இடக்கூடாது; அதற்கு எத்தனால்தான். லூகால் சேர்த்த மாதிரி இளந்தேநீர் நிறத்தில் இருக்கும். வெளிச்சத்தில் வைத்தால் அயோடின் குறைந்து அந்த நிறம் வெளிறும். ஆகவே பழுப்புப் புட்டியில் இருட்டில் வைத்து, அவ்வப்போது நிறத்தைப் பார்த்து, மங்கியிருந்தால் சில துளிகள் சேர்க்க வேண்டும். இதற்கு ஒரு பதிவேடும் பொறுப்பான ஒருவரும் போதும். கருவி எதுவும் தேவையில்லை.

கட்டட அமைப்பில், உயிருள்ள வளர்ப்புகள் இருக்கும் அறையிலேயே பார்மலினைக் கையாள்வது பெருந்தவறு. பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டது. புகையுறிஞ்சிப் பெட்டியும் தனி அறையும் அதற்கு இன்றியமையாதவை. வளர்ப்புக்கான கடல்நீர் செல்லும் பாதையில் செம்புக் குழாயும் பித்தளைத் திருகும் கூடாது. அவற்றிலிருந்து கசியும் செம்பு பாசிகளுக்கு நஞ்சு.

கடைசியாக, செல்களை அடியில் படியவிட்டு எண்ணும் படிவுக்கலத்தை (உட்டர்மோல் கலம்) வைக்கும் மேசை. பக்கத்தில் குளிர்பதனப் பெட்டியின் அதிர்வோ சன்னல் வழியே வெயிலோ இருந்தால், உட்டர்மோல் கலத்தில் செல்கள் சீராகப் படியாமல் ஒரு பக்கமாக ஒதுங்கும். ஆகவே எண்ணத் தொடங்கும் முன் குறைந்த உருப்பெருக்கத்தில் கலத்தின் அடிப்பரப்பு முழுவதையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். ஓரத்தில் அடர்ந்தும் நடுவில் வெறுமையாகவும் தெரிந்தால் அதை எண்ணாமல் ஒதுக்கிவிட்டு, மாதிரிப் புட்டியை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்திக் கலந்து, புதிதாக ஒரு கலத்தை நிரப்பிப் படிய வைக்க வேண்டும்.