கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் பிள்ளையின் தடத்தைத் தேடுவது எப்படி?

1869-இல் மரியா ரை என்ற பெண்மணி இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் சிறுமிகளைக் கப்பலேற்றி, கனடாவின் நயாகரா-ஆன்-த-லேக் ஊருக்கு அழைத்துப் போனார். மறு ஆண்டே ஆனி மக்பர்சன் சிறுவர்களுடன் வந்தார். 1882-இல் ஏழைப் பிள்ளைகளுக்காக டாக்டர் பர்னார்டோ நடத்திய இல்லமும் சேர்ந்துகொண்டது. 1930-கள் வரை இப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். பையன்களுக்குப் பண்ணை வேலை, பெண் பிள்ளைகளுக்கு வீட்டு வேலை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் ‘ஹோம் சில்ட்ரன்’. எல்லோரும் அனாதைகள் என்று நினைத்துவிடாதீர்கள். பலருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருந்தார்கள். சோறு போட வழிதான் இல்லை.

இவர்களில் நிறையப் பேர் கடைசிவரை வீட்டில் வாயே திறக்கவில்லை. அதனால் பேரப்பிள்ளைகள் தேடத் தொடங்கும்போது கையில் இருப்பது ஒரு பெயர், குத்துமதிப்பான ஒரு வயது, ‘ஏதோ ஹோமிலிருந்து வந்தவராம்’ என்ற ஒரு வரி. அதுவே போதும், தொடங்கலாம்.

படி 1: கனடாவில் இருந்தே தொடங்குங்கள்

எடுத்தவுடன் லண்டன் பிறப்புப் பதிவேட்டில் குதிப்பதுதான் புதிதாகத் தேடுகிறவர்கள் செய்கிற தவறு. ஒரே பெயரில் முப்பது பேர் வருவார்கள், தலை சுற்றும். முதலில் அவருடைய இறப்புப் பதிவு, திருமணப் பதிவு இரண்டையும் எடுங்கள். ஒன்டாரியோவில் இந்தப் பதிவுகள் 1869 முதல் இருக்கின்றன. திருமணப் பதிவில் பெற்றோர் பெயருக்கு இடம் உண்டு. ஏழு வயதில் பிரிந்த அம்மாவின் பெயரை இருபத்தைந்து வயதில் எழுதியிருப்பார். முழுதாக நம்ப வேண்டாம், குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: கப்பலைக் கண்டுபிடியுங்கள்

கனடாவின் தேசிய நூலகமும் ஆவணக் காப்பகமும் ஹோம் சில்ட்ரனுக்கென்றே ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. இலவசம்தான். பெயரைப் போட்டால் கப்பல், வந்த ஆண்டு, சில சமயம் அனுப்பிய அமைப்பின் பெயர்கூட வரும். கிடைக்கவில்லையா? எழுத்தை மாற்றிப் பாருங்கள். லிவர்பூலில் ஓர் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. குடும்பப் பெயரை மட்டும் போட்டு, வயதை இரண்டு வருடம் முன்னும் பின்னும் தள்ளித் தேடுங்கள்.

பெயர் கிடைத்ததும் அங்கேயே நிற்காமல் பயணிகள் பட்டியலின் அசல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கியூபெக் துறைமுகப் பட்டியல்கள் 1865 முதல், ஹாலிஃபாக்ஸ் பட்டியல்கள் 1881 முதல் உண்டு. குளிர்காலத்தில் செயின்ட் லாரன்ஸ் ஆறு உறைந்துவிடும், கப்பல் கியூபெக்குக்குப் போக முடியாது. ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை வந்த பிள்ளையை ஹாலிஃபாக்ஸ், செயின்ட் ஜான் துறைமுகங்கள் பக்கம் தேட வேண்டும். பட்டியலில் வரிசையாகப் பத்து, ஐம்பது, நூறு பிள்ளைகளின் பெயர்கள், கூடவே ஒரு பெரியவர் பெயர் என்று இருந்தால் நீங்கள் சரியான பக்கத்தில்தான் இருக்கிறீர்கள்.

படி 3: பிள்ளையை விட்டுவிட்டு இல்லத்தைப் பிடியுங்கள்

என் கணக்கில் மொத்தத் தேடலும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. பிள்ளையைப் பற்றிய கோப்பு அரசிடம் இருப்பதைவிட, அனுப்பிய இல்லத்திடம் இருக்கவே வாய்ப்பு அதிகம். எந்த இல்லம் என்று பட்டியலில் எழுதாவிட்டாலும், போய்ச் சேர வேண்டிய ஊர் எழுதியிருக்கும். பிள்ளைகளை முதலில் இறக்க ஒவ்வோர் அமைப்பும் கனடாவில் ஓர் இல்லம் வைத்திருந்தது, ஆகவே அந்த ஊரே துப்பு.

பீட்டர்பரோ என்றிருந்து, அது பெண் பிள்ளை என்றால் பெரும்பாலும் பர்னார்டோ. அங்கே ஹேசல்பிரே என்ற வீடு இருந்தது. மனிடோபாவின் ரஸல் என்றால் பர்னார்டோவின் பெரிய பையன்கள் வேலை பழகிய பண்ணை. பெல்வில் என்றால் மக்பர்சன் தொடங்கிய மார்ச்மான்ட் இல்லம். பிராக்வில் என்றால் ஸ்காட்லாந்தின் குவாரியர் அமைப்பு. ஹாமில்டன் என்றால் நேஷனல் சில்ட்ரன்ஸ் ஹோம். ஒட்டாவாவின் செயின்ட் ஜார்ஜ் இல்லம் என்றால் கத்தோலிக்கப் பிள்ளை. டொராண்டோ என்று மட்டும் இருந்தால் கொஞ்சம் கஷ்டம், ஏனென்றால் பர்னார்டோ, ஃபீகன் என்ற இரண்டு அமைப்புகளின் பையன்களும் அங்கேதான் இறங்கினார்கள். கூட வந்த பெரியவரின் பெயரைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: எந்தப் பண்ணை?

கனடாவில் உள்ள அந்த இல்லத்தில் சில நாள் வைத்திருந்து, பிறகு ஒப்பந்தம் போட்டு விவசாயிகளிடம் அனுப்பிவிடுவார்கள். அதைக் காட்டுவது சென்சஸ். 1901, 1911 சென்சஸ்களில் கனடாவுக்கு வந்த ஆண்டுக்கென்றே ஒரு கட்டம் உண்டு. கப்பல் ஆண்டோடு ஒத்துப் பாருங்கள். குடும்பத்தலைவரோடு உறவு என்ற கட்டத்தில் ‘வேலைக்காரர்’ என்று இருக்கும், எப்போதாவது ‘தத்துப்பிள்ளை’ என்றிருக்கும். ஒன்பது வயதுப் பிள்ளையின் பெயருக்கு நேராக வேலைக்காரர் என்று படிக்கும்போது கொஞ்சம் வலிக்கும்.

1920-களில் வந்தவர் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1920 முதல் 1932 வரையிலான அரசு ஆய்வாளர்களின் அறிக்கைகள் மைக்ரோஃபிலிமில் இருக்கின்றன. எந்த விவசாயி வீடு, அங்கிருந்து எந்த வீடு என்று அதில் தெரியும். ஒரே பிள்ளை நாலைந்து வீடு மாறியிருப்பது சாதாரணம்.

படி 5: ராணுவக் கோப்பைத் தவறவிடாதீர்கள்

1914-க்கு முன் வந்த பையன் என்றால் முதல் உலகப்போர்க் கோப்பைக் கட்டாயம் பாருங்கள். கனடா அவற்றை முழுதாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் பிறந்த ஊர், தேதி, நெருங்கிய உறவினர் எல்லாம் கேட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் இருக்கும் அக்காவின் முகவரி அதில் கிடைத்தால் புதையல்தான்.

ஆனால் படிவத்தை அப்படியே நம்பாதீர்கள். கிளாட் நன்னி என்ற வீரர் 1918-இல் காட்டிய வீரத்துக்காக விக்டோரியா கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது பெற்றவர், 38-வது பட்டாலியன். ஒட்டாவாவின் செயின்ட் ஜார்ஜ் இல்லம் வழியாக வந்த ஹோம் சைல்ட். படிவத்தில் பிறந்த ஊர் டப்ளின். உண்மையில் பிறந்தது இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ். படிவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனவர் அயர்லாந்தில் அலைந்துகொண்டிருப்பார். இரண்டு தாள்கள் ஒத்துப்போனால்தான் ஒரு தகவலைப் பேனாவில் எழுதுங்கள், அதுவரை பென்சில்.

படி 6: இல்லத்துக்குக் கடிதம்

இப்போது பெயர், வயது, கப்பல், ஆண்டு, இல்லம் எல்லாம் கையில் இருக்கின்றன. பர்னார்டோ, குவாரியர் இரண்டும் இன்றும் இயங்குகின்றன, பழைய கோப்புகளும் தருகின்றன. நேஷனல் சில்ட்ரன்ஸ் ஹோம் இன்று ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன் என்ற பெயரில் இருக்கிறது. நீங்கள் அவருக்கு என்ன உறவு என்று காட்டும் சான்றிதழ்களைச் சேர்த்து அனுப்புங்கள். கட்டணம் கேட்கலாம், மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரலாம். கோப்பில் ஏன் இல்லத்தில் சேர்த்தார்கள், பெற்றோர் யார் என்பது இருக்கும். பர்னார்டோ கோப்பு என்றால், இல்லத்தில் சேர்ந்தபோது எடுத்த புகைப்படமும் இருக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் யாரும் பார்த்திராத அந்தச் சின்ன முகத்துக்காகவே காத்திருக்கலாம்.

அம்மாவின் பெயர் தெரிந்த பிறகுதான் இங்கிலாந்தின் பிறப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். அதன் இணைய அட்டவணையில் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரும் வரும் என்பதால் முப்பது பேர் ஒருவராகச் சுருங்கிவிடுவார்கள்.

பதில் வரும்வரை சும்மா இருக்காதீர்கள். கப்பல் பட்டியலை மறுபடி திறந்து, அதே குடும்பப் பெயரில் வேறு பிள்ளை இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுப் பட்டியல்களையும் சேர்த்து. அண்ணனை ஒரு பண்ணைக்கும் தங்கையை இன்னொரு ஊருக்கும் அனுப்பியது நிறைய நடந்திருக்கிறது. தங்கையின் கோப்பு தனி, அதற்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.