தசை துடிக்கிறதா? முதலில் பலத்தைச் சோதியுங்கள்

கண் இமையோ கெண்டைக்காலோ கட்டைவிரலோ தானாகத் துடிக்கும். உற்றுப் பார்த்தால் தோலுக்கடியில் புழு நெளிவது போலத் தெரியும். நரம்பு நுனி தானாகத் தூண்டப்பட்டு, அதோடு சேர்ந்த சில தசை இழைகள் மட்டும் சுருங்குவதுதான் இது. பெரும்பாலும் ஆபத்தில்லை.

தூக்கக் குறைவு, மன உளைச்சல், கடும் உடற்பயிற்சி, காபி ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் காஃபீன் 400 மில்லிகிராமுக்குள் இருக்கட்டும். குடித்ததில் பாதி வெளியேறவே சுமார் 5 மணி நேரமாகும் என்பதால் மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு கப் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். இமை துடித்தால் வெதுவெதுப்பான ஈரத்துணியை 5 நிமிடம் வைத்துப் பாருங்கள்.

மருந்துகளையும் கவனியுங்கள். ஆஸ்துமாவுக்கான சால்பியூட்டமால், சிறுநீர் பெருக்கி, நெடுநாள் சாப்பிடும் அமிலம் குறைக்கும் மாத்திரை எல்லாம் துடிப்புக்கு வழிவிடலாம். நீங்களாக நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேளுங்கள். மெக்னீசியம் மாத்திரையையும் ஊகத்தில் விழுங்காதீர்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது உடலில் தேங்கிவிடும்.

பலருக்கும் பயம் நரம்பு நோயைப் பற்றித்தான். அங்கே பார்க்க வேண்டியது துடிப்பை அல்ல, பலத்தை. குதிகாலில் 10 அடி, முன்பாதத்தில் 10 அடி நடந்து பாருங்கள். சட்டைப் பொத்தான் போடுங்கள், சாவியைத் திருகுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையை இரண்டு கையிலும் ஒப்பிடுங்கள். ஒருமுறை போதும், மணிக்கொரு தரம் அமுக்கிப் பார்த்தால் பதற்றம் ஏறி, துடிப்பும் ஏறும்.

மெல்ல மெல்லப் பலம் குறைந்தாலோ, சதை மெலிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்கச் சிரமப்பட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். 2 வாரத்துக்கு மேல் நீடித்தாலும், பல இடங்களில் துடித்தாலும், முகத்தின் ஒரு பாதி துடித்துத் துடித்து இழுத்தாலும் போக வேண்டும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மதமதப்பு இருந்தால் கால்சியம் குறைந்திருக்கலாம். படபடப்பு, எடை குறைதல் சேர்ந்தால் தைராய்டைச் சந்தேகிப்பார்கள்.

சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது: நினைவு தப்பிக் கை கால் வெட்டி இழுப்பது, திடீரென வாய் கோணுவது, பேச்சு குழறுவது அல்லது ஒரு பக்கம் செயலிழப்பது, பூச்சிமருந்து பட்டபின் துடிப்போடு எச்சில் ஒழுகி மூச்சுத் திணறுவது. உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அவசரமில்லாத துடிப்பு மருத்துவரின் அறைக்குள் போனதும் நின்றுவிடலாம். அதனால் முன்கூட்டியே மொபைலில் அரை நிமிட வீடியோ எடுத்து, மருந்துப் பட்டியலோடு கொண்டுபோங்கள். முதலில் கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம், தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் எழுதுவார்கள். பலம் குறைந்திருந்தால் தசையில் ஊசி வைத்து அதன் மின் செயல்பாட்டைப் பார்க்கும் பரிசோதனை தேவைப்படலாம்.