வரம்பில் நடந்த கால் தடுமாறினால்: வீட்டிலேயே தொடங்கக்கூடிய சமநிலைப் பயிற்சி

ஒரு காலத்தில் தலையில் கடகமும் கையில் மண்வெட்டியுமாக வயல் வரம்பில் நடந்த ஆக்கள், இப்போது விறாந்தையிலிருந்து முற்றத்துக்கு இறங்கவே சுவரைத் தேடுகிறார்கள். கேட்டால் "வயசு போட்டுது" என்பார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் கட்டிலிலிருந்து கதிரை, கதிரையிலிருந்து கட்டில் என்று வருடக்கணக்கில் இருந்தால், தடுமாற்றத்தைச் சமாளிக்கிற வேலையே உடம்புக்கு வராது, வராத வேலையை அது மறந்துவிடும். பிசியோதெரபியில் அதைத்தான் திரும்பப் பழக்குகிறார்கள்: பாதுகாப்பான இடத்தில் நிற்க வைத்து, வேண்டுமென்றே கொஞ்சம் ஆட விடுவது. ஆட்டமே இல்லாமல் நின்றால் அது பயிற்சி இல்லை, சும்மா நிற்பது.

வீட்டில் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ செய்விக்கப் போகிற பேரப்பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். தனியாக இருக்கிறவர்கள் பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று பக்கத்தால் செய்தி போகிறது: கண், உட்காது, பிறகு பாதமும் மூட்டுகளும். ஒன்று பிசகினால் மற்ற இரண்டும் சமாளிக்கும். நீரிழிவால் பாதம் விறைத்தவர் பகலில் நன்றாக நடப்பார், கரண்ட் போன இரவில் தடுமாறுவார். ஏனென்றால் பாதத்தின் செய்தி ஏற்கனவே குறைவு, இப்போது கண்ணும் இல்லை.

தொடங்க முன்

படுக்கையில் திரும்பும்போது உலகமே சுற்றுகிறது என்றால் அது உட்காதில் இருக்கிற சின்னத் துணிக்கைகள் இடம் மாறியதாக இருக்கலாம். அதற்குத் தலையைக் குறித்த முறையில் திருப்பிச் செய்கிற சிகிச்சை உண்டு, வைத்தியரிடமோ பிசியோவிடமோதான் போக வேண்டும், கீழே உள்ள பயிற்சி அதற்கு மருந்து இல்லை. எழும்பி நின்றவுடன் கண் இருட்டினால், படுத்திருக்கும்போதும் நின்ற பிறகும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், பிரஷர் குளிசையால்கூட அப்படி வரும். ஆனால் குளிசையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் சோர்ந்து, பேச்சுக் குழறினால் யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். செயற்கைக் கால் போட்டிருக்கிறவர்கள் முதலில் காலின் பொருத்தத்தைச் சரிபார்த்து, பயிற்சியையும் பிசியோவிடம் நேரில் கேட்டுத் தொடங்குவதுதான் நல்லது.

இடம்

இரண்டு சுவர் சேருகிற மூலையில் முதுகைக் காட்டி நில்லுங்கள், முன்னால் பாரமான மரக் கதிரை ஒன்று. பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், சீமெந்து நிலத்தில் சறுக்கும், பிடித்த ஆளையும் கூட்டிக்கொண்டு போகும். தேய்ந்த பாட்டாவைக் கழற்றி விடுங்கள். வீட்டுக்குள் வெறுங்கால் பரவாயில்லை, விறைத்த பாதம் என்றால் மட்டும் பட்டி உள்ள இறுக்கமான செருப்பு. உதவிக்கு நிற்கிறவர் பக்கத்தில், கொஞ்சம் பின்னால் நின்று இடுப்பருகே கை வைத்திருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, சாரத்தைப் பிடிக்கவே கூடாது, அது அவிழ்ந்தால் இரண்டு பிரச்சினை!

முதலில் சோதனை

நான்கு நிலை இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பிடிக்காமல் 10 செக்கன் நிற்க வேண்டும். ஒன்று, இரண்டு பாதமும் ஒட்டி. இரண்டு, ஒரு பாதத்தின் உட்பக்க நடுவில் மற்றதன் பெருவிரல் படும்படி. மூன்று, ஒரே கோட்டில், முன்பாதத்தின் குதிக்காலில் பின்பாதத்தின் விரல்கள் முட்ட. நான்கு, ஒற்றைக் காலில். மூன்றாவது நிலையில் 10 செக்கன் நிற்க முடியாத முதியவருக்கு விழும் ஆபத்துக் கூட என்று கணக்கெடுப்பார்கள். எந்த நிலையில் ஆடத் தொடங்குகிறாரோ அங்கேதான் பயிற்சியும் தொடங்கும். அதற்கு முந்தின லேசான நிலையில் மணிக்கணக்காக நின்று பிரயோசனமில்லை.

பயிற்சி

அந்த நிலையில் கதிரையை இரண்டு கையாலும் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். சரி வந்தால் ஒரு கை, பிறகு ஒரு விரல், பிறகு கையைக் கதிரைக்கு மேலே தொடாமல் வைத்திருப்பது. 10 செக்கன் நிற்பது, சற்று ஆறுவது, அப்படிச் சில தடவை. நிற்பது லேசானவுடன் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தலையை மெதுவாக இடம் வலம் திருப்பலாம், அல்லது காலுக்குக் கீழே மடித்த போர்வையைப் போடலாம், அல்லது கண்ணை மூடலாம். போர்வை பாதத்தின் செய்தியைக் கலக்குகிறது, கண்ணை மூடினால் கண்ணின் செய்தி நிற்கிறது, இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஏறக்குறைய உட்காதை மட்டும் நம்பி நிற்கிறார். அதனால் அந்த இரண்டையும் சேர்ப்பது பிசியோ பார்த்துச் சரி சொன்ன பிறகுதான். முதல் வாரமே பேரன்மார் சேர்ந்து வேடிக்கை காட்டுகிற விஷயமில்லை இது.

அடுத்தது சாய்வது. பாதம் முழுவதும் நிலத்தில் இருக்க, இடுப்பை மடக்காமல் கணுக்காலிலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் மெதுவாகச் சாய்ந்து திரும்ப வேண்டும். சின்ன ஆட்டத்தைக் கணுக்கால் சமாளிக்கும், கொஞ்சம் பெரியதை இடுப்பு சமாளிக்கும், அதையும் தாண்டினால் ஒரு அடி எடுத்து வைப்பதுதான் வழி. கிறவல் றோட்டில் கல் தட்டும்போது விழாமல் காப்பாற்றுவது அந்தக் கடைசி அடிதான், ஆனால் அதைப் பழக்குகிறவர்கள் குறைவு. ஆகவே நீங்கள் "இடம்", "வலம்", "முன்", "பின்" என்று சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பக்கம் சட்டென்று ஒரு அடி வைத்துத் திரும்ப வேண்டும். ஒழுங்கு மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், மனப்பாடமாகிவிட்டால் பிரயோசனம் போய்விடும்.

காலுக்குப் பலமும் வேண்டும். கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்பி, மெதுவாக இருப்பது 10 தடவை. முடியாவிட்டால் கை ஊன்றட்டும். கதிரையைப் பிடித்துக்கொண்டு குதிக்கால் உயர்த்துவதும் நல்லது.

பிறகு நடை. சுவரோரமாக ஒரு கோட்டில் குதிக்கால் முட்ட நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, நடந்துகொண்டே கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது. கடைசியாகச் சொன்னதை விளையாட்டாக நினைக்க வேண்டாம், யாராவது கதைத்தவுடன் நடையை நிறுத்துகிறவருக்கு அதுதான் முக்கியம். இதெல்லாம் நன்றாக வந்த பிறகு, காலபோக அறுவடை முடிந்து வரம்பு காய்ந்த நேரத்தில், ஆளோடு சேர்ந்து அகலமான வரம்பில் நடக்கலாம். மாரியில் வேண்டாம், கிணத்தடிப் பாசி பக்கமும் வேண்டாம்.

எத்தனை நாள்?

உலக சுகாதார நிறுவனம் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குச் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியை வாரத்தில் 3 நாளாவது செய்யச் சொல்கிறது. மாதக்கணக்கில் தொடர வேண்டும், விட்டால் திரும்பக் குறையும். நெஞ்சு நோ, புதுத் தலைச்சுற்று, மூட்டில் கூர்மையான நோ வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கேளுங்கள். நெஞ்சு நோ குறையாவிட்டால் அதற்கும் 1990தான்.

ஊன்றுகோல் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் பிழையான கையில்தான் பிடிக்கிறார்கள். வலது கால் ஏலாது என்றால் கோல் இடது கையில். நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு வருகிற உயரம்தான் கோலின் உயரம், வேலியில் வெட்டிய தடியானாலும் அளவு அதுவே.

முன்னேற்றம் பார்க்க: கதிரையிலிருந்து எழும்பி, 3 மீற்றர் வழமையான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து இருக்க எத்தனை செக்கன் என்று போனில் பாருங்கள். 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால், அல்லது அண்மையில் விழுந்திருந்தால், கிளினிக் போகிற நாளில் சொல்லி பிசியோ பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசில்லை. போகும்போது குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.